மொறிஸ் மைனர் 1098க்கு இரட்டைக் காபரேற்றர் போடலாமா?

உருத்திரபுரம் மைனர்:

வணக்கம். என்னிடம் பெரியப்பாவின் 1966 மொறிஸ் மைனர் இருக்கிறது, 1098 சிசி. 1995 வரை யாழ்ப்பாணத்தில் ஓடிய கார். இடம்பெயர்வு வந்ததும் கொட்டிலுக்குள் போனது. 2011இல் லொறியில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டு வந்தோம், நான் கையில் எடுத்து நான்கு வருடம். கிழமையில் ஐந்து நாளும் உருத்திரபுரத்திலிருந்து வேலைக்கு இதில்தான் போய் வருகிறேன், அலங்காரத்துக்கு வைத்திருக்கும் கார் இல்லை.

குறை ஒன்றுதான், இழுவை இல்லை. ஏ9இல் மணிக்கு 60 கிலோமீற்றர் வரை சுகமாகப் போகும். அதற்கு மேல் காலை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது. முன்னால் ஒரு பஸ் போனால் மாங்குளம் வரை அதன் பின்னால்தான். பிளக், பொயின்ற், கொண்டென்சர் எல்லாம் மாற்றியாயிற்று. காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டியும் ஒரு மாற்றமும் இல்லை. புகை இல்லை, எஞ்சின் எண்ணெய் குறைவதில்லை, சும்மா நிற்கும்போது தையல் மெசின் மாதிரி ஓடுகிறது.

போன மாதம் லண்டனிலிருந்து வந்த மாமா, எம்ஜி மிட்ஜெட் ஒன்றிலிருந்து கழற்றிய சோடிக் காபரேற்றரைச் சூட்கேசில் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டு வந்து தந்தார். இரண்டுமே எஸ்யூ கம்பனியின் எச்எஸ்2 வகை, ஒன்றேகால் அங்குலம். கலவையை எஞ்சினுக்குக் கொண்டு போகும் அலுமினிய இன்லெற் மனிஃபோல்ட், இரண்டையும் இணைக்கும் தண்டு, வெப்பத் தகடு எல்லாம் இருக்கிறது. புகையை வெளியே விடும் எக்சோஸ்ற் மனிஃபோல்ட் பாரம் என்று விட்டுவிட்டார். எயார் ஃபில்ரர் இல்லை.

இது என் எஞ்சினில் நேரே ஏறுமா, எக்சோஸ்ற்றுக்கு என்ன செய்வது, பெற்றோல் இரண்டு மடங்கு குடிக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, காபரேற்றருக்குள் பெற்றோலை அளந்து விடும் ஊசிகளைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றின் தண்டில் ஏஎன் என்றும் மற்றதில் ஜீவை என்றும் அடித்திருக்கிறது. அது சரியா? 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் விற்றபோது வரிசையில் நின்ற ஞாபகம் இன்னும் போகவில்லை, அதனால்தான் செலவையும் சேர்த்துக் கேட்கிறேன்.


மல்லாவி வயல்:

ஊசி இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அது சரியில்லை. மற்றப்படி என் அபிப்பிராயம், போடாதீர்கள். வன்னியில் எந்த மலையில் ஏறப் போகிறீர்கள்? ஒரு காபரேற்றரைச் சரியாக வைத்திருக்கவே இங்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது, இரண்டு என்றால் ஒவ்வொரு மாதமும் ஒன்றுக்கொன்று சண்டை பிடிக்கும். என் அண்ணன் ஒருவரின் காரில் போட்டு, ஒரு வருடத்தில் கழற்றிப் பழையதையே பூட்டினார்.


வவுனியா பழைய கராஜ்:

தம்பி, மல்லாவிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. போடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இன்றைக்குப் போடாதே. முதலில் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தக் கார் 1990க்கும் 95க்கும் இடையில் எதில் ஓடியது?

நான் 84இல் கராஜில் வேலைக்குச் சேர்ந்தவன். யுத்தத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் மருந்து மாதிரி அளந்து வாங்கினோம். மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை விட்டு பொனற்றுக்குள் கட்டித் தூக்கி, அந்த ரியூப்பால் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். மைனர் அதைத் தாங்கியதற்குக் காரணம் அதன் மனிஃபோல்ட். உன்னுடையதைப் பார், இன்லெற்றும் எக்சோஸ்ற்றும் ஒரே வார்ப்பு. எக்சோஸ்ற்றின் சூடு காபரேற்றருக்குக் கீழே நேரே படும், மண்ணெண்ணெய் ஆவியாக அந்தச் சூடு வேண்டும்.

ஆனால் மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் கூடினால் எஞ்சின் தட்டும். 1098க்கு கம்பனி கொடுத்த அமுக்க விகிதம் 8.5க்கு 1. அதைக் குறைப்பதற்காக எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, இரண்டு காஸ்கட்டும் நடுவில் ஒரு அலுமினியத் தகடும் வைத்துப் பூட்டினோம். நானே எத்தனை எஞ்சினுக்கு வெட்டினேன் என்று கணக்கில்லை. பிறகு பெற்றோல் வந்தது, சனம் மண்ணெண்ணெயை விட்டது, தகடு மட்டும் உள்ளே கிடந்தது. புகை இல்லை, எண்ணெய் குடிப்பதில்லை, ஐடிலில் வடிவாக ஓடுகிறது, இழுவை மட்டும் இல்லை என்று நீ சொன்னதும் எனக்கு அந்தத் தகடுதான் ஞாபகம் வந்தது.

ஹெட்டைக் கழற்றாமலே பார்க்கலாம். வால்வ் மூடியைத் திற. ரொக்கர் ஒவ்வொன்றிலும் ஒரு சரிப்படுத்தும் ஸ்க்ரூ, அதன் மேல் ஒரு பூட்டு நட் இருக்கும். ஹெட் உயர்ந்தால் ரொக்கரும் சேர்ந்து உயரும், ஆனால் தள்ளு தண்டு அதே நீளம்தான். அந்த இடைவெளியை அடைக்க ஸ்க்ரூவைக் கீழே நன்றாக இறக்கியிருப்பார்கள். நட்டுக்கு மேலே புரி கொஞ்சம்தான் தெரிகிறது என்றால் ஹெட்டுக்குக் கீழே ஏதோ இருக்கிறது. பிறகு பிளக் பக்கத்தில் ஹெட்டும் புளொக்கும் சேரும் கோட்டைத் துணியால் துடைத்து ரோர்ச் அடித்துப் பார், தகடு இருந்தால் விளிம்பு வெள்ளையாகத் தெரியும்.

அமுக்கத்தையும் அளந்து பார். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, அக்சிலேற்றர் முழுதாக அழுத்தியபடி. நான்கும் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலுக்கு மேல், ஒன்றுக்கொன்று கிட்ட வர வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அள. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். நான்கும் சமமாக, ஆனால் குறைவாக இருந்தால் தகடு.

அமுக்கம் இல்லாத எஞ்சினுக்கு இரண்டு என்ன, நான்கு காபரேற்றர் போட்டாலும் இழுக்காது. பார்த்துவிட்டு எழுது, மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.


முள்ளியவளை கேம்பிரிட்ஜ்:

ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் ஏ55 கேம்பிரிட்ஜில் இரட்டை எஸ்யூ போட்டு ஆறு வருடம் ஓடுகிறேன், போட்டதில் எனக்குக் கவலை இல்லை. ஆனால் யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது, தூசியும் வெக்கையும்.

எனக்கும் ஃபில்ரர் இல்லாமல்தான் காபரேற்றர் வந்தது. பார்க்க வடிவாக இருக்கும் என்று வாயில் வெறும் கம்பி வலை போட்டு ஓடினேன். எங்கள் பக்கம் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிரவல் றோட்டில் முன்னால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு யந்திரம் போனால் போதும், சிவப்புத் தூசி கண்ணாடியில் படியும், அதே தூசிதான் எஞ்சினுக்குள்ளும் போகிறது. எட்டு மாதத்தில் நீலப் புகை. ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டரின் மேல் பகுதியில் விரல் நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. எஞ்சின் முழுதாகச் செய்தேன், அந்தக் காசில் நல்ல ஃபில்ரர் இருபது சோடி வாங்கியிருக்கலாம். மிட்ஜெட்டுக்கு வந்த வட்டத் தகர ஃபில்ரர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், காபரேற்றர் வாயின் அளவையும் போல்ற் ஓட்டைகளின் இடைவெளியையும் காட்போட்டில் வெட்டிக் கையோடு கொண்டு போனால், வேறு வாகனத்தின் கடதாசி ஃபில்ரரை வைத்துத் தகரத்தில் ஒரு பெட்டி செய்யலாம். ஃபில்ரர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட வேண்டாம்.

அடுத்தது வெக்கை. முறிகண்டியில் நிற்பாட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் பிடிக்காது. ஓடும்போது காற்று வாங்கிக் குளிர்ந்திருந்த காபரேற்றர், நின்ற பத்து நிமிடத்தில் எக்சோஸ்ற்றின் சூட்டை எல்லாம் குடித்துவிடும், மிதவைக் கிண்ணத்தில் பெற்றோல் கொதிக்கும். எஸ்யூவில் அக்சிலேற்றர் பம்ப் கிடையாது, அதனால் அக்சிலேற்றரைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பலன் இல்லை. முழுதாக ஒரு முறை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள், உள்ளே நிற்கும் ஆவி வெளியேறிப் பிடிக்கும். ஆனால் நிரந்தர வழி, அந்த வெப்பத் தகட்டைக் கட்டாயம் போடுவது, மனிஃபோல்டுக்கும் காபரேற்றருக்கும் நடுவில் தடித்த பேக்லைற் துண்டு வைப்பது, பெற்றோல் குழாயை எக்சோஸ்ற்றிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டு வருவது. இந்த மூன்றையும் செய்த பிறகு எனக்கு முறிகண்டியில் ஒரு நாளும் பிரச்சினை வரவில்லை.


உருத்திரபுரம் மைனர்:

ஐயா, உங்கள் பதிலை வாசித்துவிட்டு அன்றிரவே ரோர்ச்சோடு போனேன். வால்வ் மூடியைத் திறந்தால் எட்டு ஸ்க்ரூவும் நட்டோடு சரிமட்டமாக இருக்கின்றன, மேலே ஒரு புரிகூட முழுதாகத் தெரியவில்லை. பிளக் பக்கம் கரியைச் சுரண்டினேன், வெள்ளைக் கோடு தெரிந்தது.

சனிக்கிழமை ஒரு கராஜில் மீற்றர் வாங்கி அளந்தேன். 115, 120, 115, 118. நான்கும் சமம், நான்கும் குறைவு.

அம்மாவிடம் கேட்டேன். பெரியப்பா மண்ணெண்ணெயில்தான் ஓடினாராம். நெல்லியடியிலிருந்து சனத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன கார் இது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

முள்ளியவளை அண்ணை, ஃபில்ரர் விஷயம் மனதில் எடுத்துக்கொண்டேன், நன்றி. ஐயா, இனி ஹெட்டைக் கழற்றுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?


வவுனியா பழைய கராஜ்:

நல்லது தம்பி. ஹெட் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாதே, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூ ட்ரைவரை இடையில் விட்டு நெம்பாதே, மரக் கட்டை வைத்துப் பக்கத்தில் தட்டு. தகடு வந்ததும் ஹெட்டையும் புளொக்கையும் நேர்விளிம்புக் கட்டை வைத்துப் பார், இத்தனை வருடம் தகட்டின் மேல் இருந்த ஹெட் வளைந்திருக்கலாம், வளைந்திருந்தால் லேத் கடையில் மட்டம் எடுக்க வேண்டும். தண்ணீர் போகும் ஓட்டைகளைச் சுரண்டு, துரு அடைத்திருக்கும். ஹெட் கழன்றிருக்கும்போதே எக்சோஸ்ற் வால்வ் இருக்கைகளைப் பார்த்துவிடு. இப்போதைய பெற்றோலில் ஈயம் இல்லை, பழைய இருக்கை அதில் தேயும், காசு இருந்தால் கெட்டியான இருக்கை வளையம் அடித்துவிடு.

புதுக் காஸ்கட் ஒன்றே ஒன்று. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தடவையில், 40 இறாத்தல் அடிக்கு இறுக்கு. வால்வ் இடைவெளி குளிரில் 0.012 அங்குலம். கொஞ்ச நாள் ஓடியபின் மறுபடி இறுக்கி மறுபடி இடைவெளி பார். மண்ணெண்ணெய்க்கு பிளக் பொறி அடிக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கையும், பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள், அதையும் புதிதாக வை. 92 ஒக்ரேன் பெற்றோலில் ஏறும்போது தட்டுகிறது என்றால் 95 அடி, இல்லாவிட்டால் டைமிங்கை ஒரு மயிரளவு பின்னுக்கு எடு.

பிறகு அந்தப் பழைய ஒற்றைக் காபரேற்றரோடு இரண்டு கிழமை ஓடு. இதில் அவசரப்படாதே. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் நன்மை வந்தது, எதனால் கெடுதி வந்தது என்று தெரியாது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

இந்த எஞ்சினின் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் இரண்டு இன்லெற் வாய்தான். 1க்கும் 2க்கும் ஒரு வாய், 3க்கும் 4க்கும் ஒரு வாய். வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. வரிசையை விரலில் வைத்துப் பார், 2 இழுத்த கையோடு 1 இழுக்கும், 3 இழுத்த கையோடு 4 இழுக்கும். ஒரு வாயில் இரண்டு பேர் அடுத்தடுத்து இழுத்துவிட்டு, பிறகு நெடுநேரம் யாரும் இழுப்பதில்லை. ஒற்றைக் காபரேற்றர் நடுவில் நின்று இரண்டு வாய்க்கும் வளைந்து வளைந்து கொடுக்கிறது. சோடி போட்டால் ஒவ்வொரு வாய்க்கும் நேரே ஒன்று, வளைவு குறைவு, நெரிசல் குறைவு. நன்மை அவ்வளவுதான். மைனர் 1098க்குக் குதிரை வலு 48, அதே 1098 மிட்ஜெட்டுக்கு 56. அந்த எட்டும் காபரேற்றரால் மட்டும் வந்தது இல்லை, கேம் தண்டும் வால்வும் வேறு. சோடியை மட்டும் பூட்டினால் அதில் ஒரு பங்குதான் வரும், அதுவும் வேகமாக ஓடும்போதுதான் தெரியும்.

பெற்றோல் இரண்டு மடங்கு குடிக்காது. எஸ்யூவில் எஞ்சின் இழுக்கும் காற்றுக்குத் தக்கதாகக் காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரன் ஏறும், ஊசியும் ஏறும், அந்த அளவுக்குத்தான் பெற்றோல் வரும். இரண்டு பேர் ஒரு வாளியைத் தூக்குவது போல வைத்துக்கொள். ஆனால் ஒருவர் முந்தி ஒருவர் பிந்தித் தூக்கினால் வாளி சிந்தும், சோடியில் பெற்றோல் வீணாவது அப்படித்தான்.

ஊசி இரண்டும் ஏஎன் போடு, உன் மைனரின் ஒற்றைக்கு வந்ததும் அதே எழுத்துத்தான். பிஸ்ரனுக்கு மேலே உள்ள ஸ்பிரிங் இரண்டும் ஒரே நிறமா என்று பார், நீலம் மெல்லியது, சிவப்பு அதைவிடப் பலம், ஒன்று நீலம் ஒன்று சிவப்பு என்றால் ஒரு நாளும் சமப்படாது. கழுவும்போது ஒரு காபரேற்றரின் பிஸ்ரனை மற்றதன் தொப்பிக்குள் போட்டுவிடாதே. ஒவ்வொன்றும் தன் தொப்பிக்கென்று கடைந்தது. அதனால் இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவாதே, ஒன்றைப் பூட்டி முடித்த பிறகு மற்றதைக் கழற்று. பூட்டியபின் விரலால் பிஸ்ரனைத் தூக்கி விடு, டொக் என்று இருக்கையில் விழுகிற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வராமல் மெல்ல இறங்கினால் பெற்றோல் வரும் துளையான ஜெற்றில் ஊசி உரசுகிறது, ஜெற்றை நடுவுக்குக் கொண்டு வர வேண்டும்.

பிறகு காற்றுக் கதவைத் திருப்பும் திறப்புத் தண்டு. பழைய எஸ்யூவில் முதலில் தேய்வது அதுதான். தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் அந்த வழியால் காற்று களவாகப் போகும், என்ன செய்தாலும் ஐடில் நிற்காது. லேத் கடையில் பித்தளை புஷ் அடித்துப் புதுத் தண்டு போடலாம். இதைச் செய்யாமல் சோடி பூட்டித்தான் பலர் வெறுத்துப் போகிறார்கள். மல்லாவிக்காரரின் அண்ணனுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எக்சோஸ்ற்றுக்கு, மிட்ஜெட்டின் வார்ப்பு தேடிப் பார், இல்லாவிட்டால் நல்ல வெல்டிங் கடையில் மூன்று கிளையோடு இரும்புக் குழாயில் செய்யலாம், ஹெட்டில் எக்சோஸ்ற் வாய் மூன்றுதான், நடு வாய் 2க்கும் 3க்கும் பொது. அதில் ஒன்றை மட்டும் மறக்காதே. இன்லெற்றையும் எக்சோஸ்ற்றையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே தடித்த வாஷர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அமுக்குகிறது. இரண்டு விளிம்பும் ஒரே தடிப்பு இல்லாவிட்டால் வாஷர் உயர்ந்த பக்கத்தைத்தான் பிடிக்கும், மற்றது காற்று விடும். வெல்டிங் கடைக்குப் போகும்போது அலுமினிய மனிஃபோல்டைக் கையோடு கொண்டு போய் அளந்து காட்டு.


மல்லாவி வயல்:

ஐயா, அண்ணனிடம் கேட்டேன். தண்டை யாரும் பார்க்கவில்லையாம், ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததாம். அந்தச் சோடி இன்னும் வீட்டுத் தட்டில் இருக்கிறது, நான் எடுத்துப் பார்க்கப் போகிறேன். முதலில் போட்ட பதிலை அவசரத்தில் எழுதிவிட்டேன்.


உருத்திரபுரம் மைனர்:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஹெட் வந்தது, தகடும் வந்தது. 2 மில்லிமீற்றர் அலுமினியம், கையால் வெட்டியது. நான்கு பெரிய வட்டத்தின் விளிம்பிலும் அரத்தால் ராவிய கோடு அப்படியே இருக்கிறது, தண்ணீர் ஓட்டைகள் துளைத்துப் பிறகு வட்ட அரத்தால் பெருப்பித்தவை, ஒன்று சற்றுத் தள்ளிப் போய் மறுபடி திருத்தியிருக்கிறார்கள். யார் செய்தார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை.

ஒற்றைக் காஸ்கட்டோடு பூட்டி, டைமிங் வைத்து அளந்தால் 155, 160, 158, 155. பழைய ஒற்றைக் காபரேற்றரோடு ஏ9இல் ஏறினேன், 60இல் இருந்து 80க்குத் தானாகப் போகிறது, முறிகண்டிக்கு முதலே பஸ்ஸை முந்தினேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே சோடி தேவை இல்லை என்று தோன்றியது. ஆனால் மாமா சுமந்து வந்த சாமான், அதோடு எனக்கு இதைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. இரண்டு கிழமை ஓடிவிட்டுத் தொடங்கினேன்.

பின் காபரேற்றரின் தண்டு ஆடியது, புஷ் அடித்தேன். ஊசிச் சோடி மாமா தபாலில் அனுப்பினார். பரந்தன் பக்கம் ட்ரெயிலர் செய்யும் வெல்டிங் கடையில் எக்சோஸ்ற் செய்தோம், விளிம்பு ஒரு மில்லிமீற்றர் தடித்து வந்தது, மட்டம் எடுத்துத்தான் பூட்டினேன், ஐயா சொல்லாவிட்டால் அப்படியே இறுக்கியிருப்பேன். ஃபில்ரர் பெட்டி செய்தாயிற்று.

இப்போது ஓடுகிறது, ஆனால் சமப்படவில்லை. 1, 2 பிளக் கறுப்பு, 3, 4 வெள்ளை. மீற்றர் எதுவும் இல்லாமல் எப்படிச் சமப்படுத்துவது?


வவுனியா பழைய கராஜ்:

மீற்றர் வேண்டாம், காது போதும். இரண்டடி ரப்பர் ரியூப் எடு, சேலைன் ரியூப்பும் நல்லது. ஒரு முனை காதில், மற்ற முனை காபரேற்றர் வாயில் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில்.

முதலில் பிஸ்ரனின் துடிப்பை அடக்கும் டாம்பரின் எண்ணெய் இரண்டிலும் ஒரே மட்டமா பார், பிஸ்ரனின் குழல் தண்டுக்கு மேலே அரை அங்குலம். 20ஆம் நம்பர் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய் விடாதே, மெல்லியது. இந்த எஞ்சினில் இழுப்பு விட்டு விட்டு வருவதால் டாம்பர் இல்லாவிட்டால் பிஸ்ரன் துடிக்கும்.

இணைப்புத் தண்டின் பிடிகளைத் தளர்த்து, இரண்டும் தனித்தனியாக அசைய வேண்டும். சோக் கம்பியையும் கழற்று. ஜெற் நட் இரண்டையும் மேலே ஏற்றி, ஜெற் காற்று வழியின் அடித்தளமான பாலத்தோடு மட்டமாக வந்ததும், அங்கிருந்து பன்னிரண்டு முகம் கீழே இறக்கு, அதாவது இரண்டு முழுச் சுற்று. ஐடில் ஸ்க்ரூ இரண்டும் தொட்டதும் ஒரு சுற்று. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரேடியேற்றர் நன்றாகச் சூடாகும் வரை விடு. இனி ரியூப்பை மாற்றி மாற்றி வை, உஸ் சத்தம் எதில் கூட என்று கேள், கூடியதைக் குறை, குறைந்ததைக் கூட்டு, இரண்டும் ஒரே சத்தம் வரும் வரை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் வடிவாகத் தெரியும்.

காற்று சமப்பட்ட பிறகுதான் கலவை. காபரேற்றர் உடம்பின் பக்கத்தில் பிஸ்ரனைத் தூக்க ஒரு சின்னக் கம்பி இருக்கும், அதால் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கு. வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட, நட்டை மேலே ஒரு முகம். சோர்ந்து நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு, நட்டைக் கீழே ஒரு முகம். சற்றே ஏறி உடனே பழையபடி வந்தால் சரி. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறும், ஆகவே இரண்டு மூன்று தடவை சுற்றி வா. ஒரு முகத்துக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதே. முன் காபரேற்றரின் நட்டை எத்தனை முகம் திருப்பியும் 1, 2 கறுப்பாகவே நின்றால் நட்டை விடு, மிதவை ஊசி பெற்றோலை அடைக்கவில்லை. மிதவை மட்டத்தைப் பார், மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவைக்கும் மூடிக்கும் நடுவில் 1/8 அங்குல ட்ரில் பிற் ஒன்று படுக்க வேண்டும்.

கடைசியில் இணைப்புத் தண்டை இறுக்கு. இரண்டு கதவும் முழுதாக மூடியிருக்கும்போது இறுக்க வேண்டும், அக்சிலேற்றரை மிதித்த கணத்தில் இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து மறுபடி ரியூப்பால் கேள். ஐடிலில் சமமாக இருந்து வேகத்தில் சமமில்லாவிட்டால் தண்டின் பிடிதான் பிழை.


உருத்திரபுரம் மைனர்:

முன் காபரேற்றரின் மிதவை ஊசிதான் ஐயா. முனையில் வளையம் மாதிரித் தேய்ந்திருந்தது. மாற்றினேன். பிறகு நீங்கள் சொன்ன வரிசையில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பக்கத்து வீட்டில் சத்தம் இல்லாத நேரத்தில் ரியூப்போடு இருந்தேன். முதல் அரை மணித்தியாலம் எனக்கு வித்தியாசமே கேட்கவில்லை, பிறகு பழகியது. பின்னது கரகரத்தது, முன்னது மெல்லியதாக இழுத்தது. ஒரே சத்தம் வந்தபோது எஞ்சினின் ஆட்டமும் தானாக நின்றது.

நேற்று முல்லைத்தீவு போய் வந்தேன். பரந்தனில் திரும்பி ஏ35 வழியே, திரும்பும்போது புதுக்குடியிருப்பில் ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்பாட்டி, உடனே ஸ்டார்ட் ஆனது. வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினேன், நான்கும் பிஸ்கற் நிறம். பெற்றோல் ஒற்றைக்குப் போனதைவிடக் கூடவில்லை.

முள்ளியவளை அண்ணை, ஃபில்ரரைத் திறந்து பார்த்தேன், ஒரே நாளில் கடதாசியின் மடிப்பெல்லாம் சிவப்பு.

ஐயா, அடுத்த மாதம் வவுனியா வரும்போது காரையும் தகட்டையும் கொண்டு வருகிறேன். அந்த அரக் கோட்டைப் பார்த்தால் எந்தக் கராஜின் கை என்று உங்களுக்குத் தெரியக்கூடும்.


வவுனியா பழைய கராஜ்:

கொண்டு வா தம்பி. நெல்லியடிப் பக்கம் அந்த நேரம் தகடு வெட்டியவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.